முதல் பழைய காடி: மோரிஸ் மைனரா, சாகாவா?

பேராக் மாநிலத்துச் செம்பனை ஆலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் 26 வயது வாசகத் தம்பி ஒருவர் நம் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"ஐயா, எங்க தோட்டத்துல முன்னாடி இருந்த பெரிய கிராணியார் ஒரு மோரிஸ் மைனர் காடி வெச்சிருந்தாராம். ஞாயித்துக்கிழமை ஆனா எங்க தாத்தாதான் அதைக் கழுவித் துடைச்சுக் கொடுப்பாராம். அந்த மாதிரி ஒரு பழைய காடி வாங்கி, நானே பழுது பார்த்து ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. கையில 6,000 வெள்ளி சேர்த்து வெச்சிருக்கேன். எந்தக் காடி வாங்கினா கட்டுப்படியாகும்? அம்மா, 'பழைய இரும்புக்கா காசை அழிக்கப் போறே?'ன்னு சத்தம் போடறாங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

இந்தக் கேள்வியைப் பார்த்ததும், இது தோட்டப்புறப் பகுதிக்கு ஏற்ற விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பணக்காரர்களின் பொழுதுபோக்கு நமக்கெதற்கு என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தோட்டத்தில் துரைக்கு லேண்ட்ரோவர் இருந்தது. கிராணியாருக்கும் டிரஸருக்கும் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருக்கும் மோரிஸோ ஆஸ்டினோ இருந்தது. லயத்து மக்களுக்குச் சைக்கிள். கொஞ்சம் வசதி வந்த பிறகு ஹோண்டா மோட்டார் சைக்கிள். காடி என்றால் அது அடுத்தவர் காடிதான். கழுவத் தெரியும், தள்ளத் தெரியும், மழையில் சேற்றில் மாட்டிக்கொண்டால் தோள் கொடுத்துத் தூக்கிவிடத் தெரியும். உள்ளே உட்காருவது, பிரசவ வலி வந்த பெண்ணை அவசரமாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது மட்டும்தான். அப்படிக் காடி கழுவியவரின் பேரன், அதே காடியின் சாவியைத் தன் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறான் என்றால் அதில் என்ன குற்றம்?

ஆனால் 6,000 வெள்ளி என்பது சின்னத் தொகையல்ல. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு காசு கூடச் செலவழிக்காமல் சேர்த்த மூன்றரை மாதச் சம்பளம் அது. அம்மா சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது. தம்பி, நிதானமாகக் கேளுங்கள்.

முதலில் மோரிஸ் மைனர்

நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரை உருவாக்கியவரும் இவரே. மாதிரி வண்டி தயாரானதும், அகலம் போதவில்லை என்று அதை நடுவில் நெடுக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். மோரிஸ் மைனரின் பானெட்டு நடுவே நீளமாக ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான். பிரிட்டனில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டிய காரும் இதுவே. 1971இல் உற்பத்தி நிற்கும் வரை சுமார் 16 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. அன்றைய மலாயாவில் நகரத்து வைத்தியர் முதல் தோட்டத்துக் கிராணியார் வரை வைத்திருந்த வண்டி.

எஞ்சின் எளிமையானது. 1956இல் வந்த 948 சி.சி., 1962இல் வந்த 1098 சி.சி. ஆகிய இரண்டும் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதல் காரணம், முன்சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டு. டிரன்னியன் என்பார்கள். இதற்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி மூக்குக் குப்புற விழும். இந்த வண்டியின் பேர்போன வியாதி இதுதான். பழக்கப்பட்டவர் மாதக் கணக்கு வைத்துக் கிரீஸ் அடிப்பார், புதியவர் மறந்துவிடுவார். இரண்டாவது, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதன் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடிப் பலகைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. தொட வேண்டுமென்றால் கம்பளத்தைத் தூக்கி மூடியைக் கழற்ற வேண்டும். மூன்றாவது, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின் அது. இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை. வால்வு உட்காரும் வளையத்தைக் கடினமான உலோகத்தில் மாற்றியிருக்காவிட்டால் நாளடைவில் அது தேய்ந்து உள்ளே இறங்கும். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. சாமான்கள் இங்கிலாந்திலிருந்து இன்றும் வருகின்றன. ஆனால் சாமான் விலையோடு கப்பல் கூலியும் சேரும். நல்ல நிலையில் இருக்கும் மோரிஸை வைத்திருப்பவர் 6,000 வெள்ளிக்குக் கொடுக்கமாட்டார். அந்த விலைக்குக் கிடைப்பது பாதி துருவும் பாதி புட்டியுமாகத்தான் இருக்கும். மோரிஸ் இரண்டாவது காடியாக வரட்டும்.

டட்சன் 120ஒய், பழைய கொரோலா, வோக்ஸ்வேகன் வண்டு என்றெல்லாம் நண்பர்கள் சொல்வார்கள். வண்டுக்கு இன்று இருக்கும் விலையைக் கேட்டால் நமக்குத்தான் வண்டு கடித்தாற்போல் இருக்கும். டட்சன் நல்ல வண்டி. ஆனால் துருப்பிடிக்காத டட்சனைத் தேடுவதற்கே ஓராண்டு ஆகும்.

சாகாவா? டாக்சிக்காரன் காடியாச்சே!

ஆமாம், சாகாதான். முதல் தலைமுறைப் புரோட்டோன் சாகா. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். 1960இல் மோரிஸ் மைனரைப் பார்த்து யாராவது பழம்பெருமை பேசினார்களா? அன்றைக்கு அது தெருவில் ஓடிய சாதாரண வண்டி. சாகாவும் அப்படித்தான். 1985 ஜூலை 9ஆம் தேதி அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் அதை வெளியிட்டார். அன்றைய தேதியில் பிறந்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. வண்டிக்கும்தான்.

1983இல் அமைந்த புரோட்டோன் நிறுவனம் ஜப்பானிய மிட்சுபிஷியின் துணையோடு ஷா ஆலாமில் தொழிற்சாலை போட்டது. மிட்சுபிஷி லான்சர் பியோரே என்ற வண்டிதான் சாகாவுக்கு மூலம். முகப்பில் பிறை நிலவும் பதினான்கு முனை நட்சத்திரமும். அதே 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் பிரதமரே சாகாவை ஓட்டிச் சென்றதை அந்நாளைய பத்திரிகை படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள். ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர் அனுப்பிய பெயர்தான் தேர்வாயிற்று. சாகா என்பது மலாய்க்காரர் சொல்லும் ஒரு மரம். அதன் விதை சிவப்பாக, வழவழப்பாக, கல்போல் கெட்டியாக இருக்கும். பள்ளிக்கூட வேலியோரம் பொறுக்கி டப்பியில் போட்டு வைத்தோமே, அதேதான். நம் தமிழில் அதற்கு மஞ்சாடி என்று பெயர். தட்டார்கள் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பொன் நிறுத்ததும், நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடியதும் இந்த விதையை வைத்துத்தான். ஆக, தம்பி வாங்கப் போவது மஞ்சாடிக் காடி என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். கோபம் கொஞ்சம் தணியலாம்.

தோட்டப்புறத்துக்கும் இந்த வண்டிக்கும் ஓர் உறவு உண்டு. நம்மவர் பல குடும்பங்களில் மோட்டார் சைக்கிளுக்கு அடுத்து வீட்டு வாசலுக்கு வந்த முதல் நாலு சக்கரம், பழைய சாகாதான். புதிதாக வாங்கியவர்கள் குறைவு. இரண்டாம் கை, மூன்றாம் கையாகத் தாமானிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், கித்தா மரம் சாய்க்கப்பட்டு வீடமைப்பு வந்தபோதும், தட்டுமுட்டுச் சாமானை லோரியில் ஏற்றிவிட்டுத் தாத்தாவையும் சாமிப் படத்தையும் இந்தக் காடியில் ஏற்றிக்கொண்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு. மோரிஸ் கிராணியாருடைய நினைவு. சாகா நம்முடைய நினைவு. எனக்கென்னவோ பின்னதற்குத்தான் மதிப்பு அதிகம் என்று தோன்றுகிறது.

நினைவை விட்டுவிட்டுக் காசுக் கணக்குக்கு வருவோம். முதல் சாகாவின் உடல் 1992இல் இஸ்வாரா என்று முகம் மாற்றிக்கொண்டு 2008 வரை தயாரிப்பில் இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! இதனால் நமக்கு என்ன லாபம்? எஞ்சின் பாகம், பிரேக், கிளட்ச், பேரிங், ரப்பர் புஷ் என்று ஓடுவதற்கு வேண்டிய சாமான் பலவும் பட்டணத்து ஸ்பேர் பாட் கடையில் இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழுது பார்க்கத் தெரியாத போர்மேன் இந்த நாட்டில் இல்லை. எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. கார்புரேட்டர், பிளக், டிஸ்டிரிபியூட்டர் மூடி, இவ்வளவுதான். தொழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

எந்தச் சாகா என்று கேட்டால், 1992க்கு முந்திய 1.3, கியர் வண்டி, 8 வால்வு எஞ்சின் என்பேன். 1298 சி.சி. என்பதால் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 70 வெள்ளி. 1.5 என்றால் 1468 சி.சி.; 90 வெள்ளி. வரியில் பெரிய வித்தியாசமில்லை, நல்ல 1.5 கிடைத்தால் விடவேண்டாம். ஆட்டோ கியர் மட்டும் முதல் வண்டிக்கு வேண்டாம். அது கெட்டால் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

உடம்பைப் பார், எஞ்சினை அப்புறம் பார்

புதிதாகக் காடி பார்க்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காதை வைத்துக் கேட்டு, "ஆகா, என்ன சுகமான சத்தம்" என்று மயங்கி விலை பேசிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், முப்பது வருஷம் இதே தொழிலில் இருப்பவர், வருகிற பையன்களிடம் சொல்வது வேறு.

"தம்பி, எஞ்சின் போச்சுன்னா போத்தோங் கடையில இன்னொன்னு கிடைக்கும். ரெண்டு நாள்ல இறக்கி ஏத்திடலாம். உடம்பு போச்சுன்னா என்னா பண்ணுவே? தகரத்தை வெட்டி ஒட்டி, ஒட்டி வெட்டி, கூலி கொடுத்தே தீந்துருவே. மொதல்ல கீழ படுத்துப் பாரு. சட்டை அழுக்காகுதேன்னு பாக்காதே."

இதுதான் சரியான பாடம். கையில் ஒரு சின்னக் காந்தமும் டார்ச் லைட்டும் கொண்டு போங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டி இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகரம். வழுக்கி விழுந்தால் புட்டி. உள்ளே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கி போடும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே கால்மிதிக் கம்பளத்தைத் தூக்குங்கள். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கி, தரைத் தகரத்தை அரித்திருக்கும். பின் டிக்கியில் ஸ்பேர் டயரை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின் விளக்கு ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் குடியிருக்கும். அப்புறம் பானெட்டைத் திறந்து, முன் ஸ்பிரிங் மேலே போய் முட்டும் இரண்டு கோபுரத்தையும் சுற்றிப் பாருங்கள். அங்கே துரு விட்டிருந்தாலோ, புதிதாக வெல்டிங் வைத்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தாலோ, மறுபேச்சுப் பேசாமல் "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிடுங்கள். வண்டியின் உயிரே அங்கேதான் நிற்கிறது.

பெயின்டு புதிதாக மினுமினுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். வெயிலில் வெளுத்த பழைய சாயம் ஒன்றையும் மறைக்காது.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஓடுகிற சாமான் கிடைக்கும் என்றேன். ஆனால் அலங்காரச் சாமான் கிடைக்காது. முதல் சாகாவின் முன் கிரில், டாஷ்போர்டு, பின் விளக்கு, ஓரத்துப் பட்டை, பெயர்ப் பொறிப்பு இவையெல்லாம் இஸ்வாராவில் மாறிவிட்டன. இன்றைக்கு அசல் சாமானைத் தேடி அலைகிறவர்கள் அதிகம், கையில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆகவே எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடித்தாலும் பரவாயில்லை, அலங்காரம் முழுசாக உள்ள வண்டியை எடுங்கள். தாழ இறக்கி, பெரிய ரிம் மாட்டி, டாஷ்போர்டில் ஓட்டை போட்டுப் பாட்டுப்பெட்டி வைத்த வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது பழைய காடி அல்ல, வெறும் பழைய வண்டி.

எஞ்சினைப் பொறுத்தவரை, காலையில் ஆறியிருக்கும்போதே போய்விட வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு ரப்பர் தேய்ந்திருக்கிறது, பெரிய செலவல்ல. ஓட ஓட நீலப்புகை வந்துகொண்டே இருந்தால் ரிங் போய்விட்டது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள்; பால் டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலக்கிறது, எஞ்சின் கொதித்த வண்டி. இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, சூடு முள் நடுவில் நிற்கிறதா, காற்றாடி தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். திடலில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடிக்கும்போது முன்பக்கம் "டக் டக்" என்று கேட்டால் டிரைவ் ஷாப்ட் மூட்டு தேய்ந்துவிட்டது. இதற்கெல்லாம் விலையில் கழிக்கச் சொல்லலாம். வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

ஏர்கண்டிஷன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து வண்டியில் இருந்த ஆர்12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறதென்று உலக உடன்படிக்கையின்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. புது வாயுவுக்கு மாற்ற முடியும். முதல் வருஷத்தில் வேண்டாம். கண்ணாடியை இறக்கி விட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம் சரியில்லையா, காடியே வேண்டாம்

தம்பி, இனிமேல் சொல்வதைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். துருவில் போகிற பணத்தைவிடக் காகிதத்தில் போகிற பணம் அதிகம்.

வண்டியின் கிராண்டில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும், எஞ்சின் அறையில் அடித்திருக்கும் நம்பரும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டியென்றால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அவரே பார்த்து முடிக்கட்டும்; முடித்த பிறகு நீங்கள் பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குச் சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். நம்பர் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் கொடுத்த பணம் மட்டும் திரும்பி வராது.

சாலை வரி செத்துப் பல வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டிகள் தோட்டப்புறத்தில் நிறைய உண்டு. விலை மலிவாக இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு முதலில் இலாகா கவுண்டருக்குப் போய், இதை மறுபடி ஓட்ட என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பேச்சு வார்த்தை அதற்கப்புறம்.

இதைவிடச் சிக்கலான ஒன்று, செத்துப்போனவர் பெயரில் இருக்கும் காடி. அப்பா வாங்கிய சாகா. அப்பா காலமாகிவிட்டார். மகன் ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது விற்கிறான். "கிராண்டு இருக்கு, அப்பா அடையாளக் கார்டு நகலும் இருக்கு, தாராளமா வாங்கிக்குங்க" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. ஆனால் இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை வாரிசுகள் கையெழுத்துப் போட்டு மட்டும் மாற்றிவிட முடியாது. நீதிமன்றத்திலிருந்தோ, நில அலுவலகத்தின் சிறுசொத்துப் பங்கீட்டுப் பிரிவிலிருந்தோ, அமானா ராயாவிலிருந்தோ உத்தரவுக் கடிதம் வாங்க வேண்டும். அதற்கு அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒரு தங்கச்சி சிங்கப்பூரில் வேலையில் இருப்பாள். ஓர் அண்ணன் பேச்சு வார்த்தையே இல்லாமல் ஜோகூரில் இருப்பான். மாதக்கணக்கில் இழுக்கும். வாங்கியவன் வண்டியைப் போர்வை போட்டு மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பான்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வயதான தகப்பனார் பெயரில் பழைய காடியோ மோட்டார் சைக்கிளோ இருந்தால், அவர் நல்லபடியாக இருக்கும்போதே அவரைக் கைபிடித்து இலாகாவுக்கு அழைத்துப் போய்ப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. அதைத் தள்ளிப்போட்டதால் துருப்பிடித்து மண்ணாய்ப்போன வண்டிகளை எண்ண முடியாது.

ஆறாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

நாலாயிரத்துக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் இரண்டாயிரம் உங்களுக்குத் தேவைப்படும். வாங்கிய முதல் வாரமே நாலு டயரையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயதான டயர் வேண்டாம். பிரேக் ரப்பர், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் குழாய், பெட்ரோல் குழாய், டைமிங் பெல்ட் இவற்றை, "நல்லாத்தானே இருக்கு" என்று யார் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். காய்ந்து வெடித்த பெட்ரோல் குழாய் சூடான எஞ்சின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கி கடன் கொடுக்காது. அது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் ஆசை முற்றிப்போய் ஆலோங்கிடம் கையேந்தும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். கூட்டுப் போட்டு எடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது நம்மவர் பலருக்கு இன்னும் தெரியவில்லை. கையில் உள்ள காசுக்கு வண்டி. இல்லையென்றால் அடுத்த வருஷம்.

காப்புறுதி விஷயத்தில், இந்த வயது வண்டிக்கு முழுக் காப்புறுதி சுலபத்தில் கிடைக்காது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி கிடைக்கும். அதாவது நீங்கள் இடித்தால் அடுத்தவருக்கு நட்டஈடு உண்டு, உங்கள் வண்டிக்கு ஒன்றுமில்லை. காற்றுப் பை கிடையாது, வழுக்காத பிரேக் கிடையாது, பல பழைய சாகாவில் பின் இருக்கைக்குப் பெல்ட்டும் இராது. நெடுஞ்சாலையில் புதுக் காடிகளோடு போட்டி போடவோ, பின்னால் அக்கா பிள்ளைகளை அடைத்துக்கொண்டு பத்துமலைக்குப் போகவோ இந்த வண்டி லாயக்கில்லை. ஞாயிறு காலை பட்டணம் வரை போய்ப் பசியாறிவிட்டு வர வாங்குகிறோம், அவ்வளவே.

தோட்டத்தில் வைத்திருப்பவருக்குத் தனியாகச் சில விஷயம். செம்பனைக் காட்டில் எலி அதிகம். நிறுத்திய காடியின் பானெட்டுக்குள் கூடு கட்டி, ஒயரைக் கடித்துத் தின்னும். வாரத்துக்கு இரண்டு முறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள், எஞ்சினை ஓட விடுங்கள். உர ஸ்டோர் பக்கத்தில் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்; அந்தத் தூள் ஈரத்தில் பட்டால் தகரத்தைத் தின்றுவிடும். செம்மண் சாலையில் ஓட்டிய அன்றே அடிப்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் மண்ணடைத்துப் போகும்; ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். கூரை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடாதீர்கள். உள்ளே வேர்த்து, திறந்து கிடப்பதைவிட மோசமாகத் துரு விடும்.

அடியில் படுத்து வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக்கூடாது. லயத்து வாசல் மண் மெத்தென்று இருக்கும். ஜாக்கி ஒரு பக்கம் சாயும். சிமென்டுக் கல்லை முட்டுக் கொடுப்பதும் ஆபத்து. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்புத் தாங்கி ஒரு ஜோடி, அடியில் தடித்த பலகை, சக்கரத்துக்குக் கட்டை. இவை இல்லாத நாளில் அடியில் படுக்காதீர்கள், எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் சரி.

அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே! தம்பி, வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதச் சம்பளத்தில் வீட்டை நடத்திய கண்ணுக்கு, விற்பவன் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும். காந்தம், டார்ச், அழுக்கானாலும் கவலைப்படாத சட்டை. பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கிராண்டின் நகலையும் சேசிஸ் நம்பரின் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, என்ன வண்டி, எந்த வருஷம், யார் பெயரில் இருக்கிறது என்று நமக்கு ஒரு வரி எழுதுங்கள்.